பைக் பழக்கிய உடல் தேடும் கார்

டெஸ்ட் டிரைவுக்கு வருபவர்களில் பைக் பைத்தியம் யார் என்பதை ஷோரூம்காரர்கள் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தொடுதிரை எத்தனை அங்குலம், சன்ரூஃப் உண்டா என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான். உட்கார்ந்ததும் கிளட்சை மிதித்து மெல்ல விடுவார். எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கால் தெரிந்துகொள்ள வேண்டும். நியூட்ரலில் கியர் லீவரை இடமும் வலமும் ஆட்டி, எவ்வளவு தொளதொளப்பு என்று பார்ப்பார். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, ஆர்.பி.எம். முள் ஏறுகிற வேகத்தையும் இறங்குகிற வேகத்தையும் கவனிப்பார். முதல் வளைவில் அவர் முகம் சுருங்கினால் காரணம் விலையோ மைலேஜோ இல்லை. வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அது அவர் உடலுக்கு ஒப்பவில்லை.

இதை ரசனை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் இந்த ரசனைக்கு அடியில் இயற்பியலும் உடலியலும் கிடக்கின்றன. ஆண்டுக்கணக்காக இரண்டு சக்கரத்தில் போன ஒருவருடைய உள்காதும் வலது மணிக்கட்டும் கண்ணும் ஒருவிதமாகப் பழகியிருக்கும். சாலை என்ன செய்கிறது, டயர் என்ன செய்கிறது, எஞ்சின் என்ன செய்கிறது என்ற செய்தி அந்த உடலுக்கு இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. நான்கு கதவுக்குள் உட்கார்ந்த பிறகும் அது வருமா என்பதுதான் அவர் கேள்வி. கார் வாங்கும்போது அவர் செய்கிற விசித்திரமான தேர்வுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

பைக்காரர்கள் வேகப் பிரியர்கள், ஆகவே பவர் மிகுந்த காரைத் தேடுவார்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கணக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது. கேடிஎம் 390 டியூக்கின் எடை 168 கிலோ, எஞ்சின் 46 குதிரைத்திறன். 70 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் மொத்தம் 238 கிலோ. டன் கணக்கில் பார்த்தால், ஒரு டன்னுக்கு 193 குதிரைத்திறன். இன்றைய மாருதி ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ, 82 குதிரைத்திறன். அதே ஆளை வைத்துக் கணக்கிட்டால் டன்னுக்கு 83. டியூக்கின் இழுவையை ஸ்விஃப்டுக்குக் கொடுக்க 190 குதிரைத்திறன் வேண்டும். ஒன்றரை டன் எஸ்யூவி என்றால் 300. மூன்று லட்ச ரூபாயை ஒட்டிய பைக் கொடுப்பதைக் காரில் பெறுவதற்கு அதைப்போலப் பல மடங்கு செலவாகும். டியூக் வைத்திருப்பவருக்கு இது தெரியும். அதனால் பவரைக் காரில் தேடுவதை அவர் விட்டுவிடுகிறார்.

எல்லாப் பைக்காரர்களும் ஒரே சாதி இல்லை என்பதையும் இந்தக் கணக்கே காட்டுகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்துக்கொள்ளுங்கள்: 195 கிலோ, சுமார் 20 குதிரைத்திறன். ஆளோடு டன்னுக்கு 77 தான், ஸ்விஃப்டைவிடக் குறைவு. புல்லட் பிரியர் விரும்புவது முள் மேலே ஏறுவதை அல்ல. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால், கியர் மாற்றாமலே வண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஓட்டம், 90 மி.மீ.; கூடவே கனத்த ஃப்ளைவீல். அந்தத் ‘தம்’மைப் பழகியவர் மஹிந்திராவின் டீசல் தார் பக்கம் போவதில் வியப்பில்லை. தாரின் டீசல் எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் குறைந்த சுற்றிலேயே தந்துவிடுகிறது. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் வளர்ந்தவரின் கதை வேறு. அதில் விட்டமும் 50, ஓட்டமும் 50 மி.மீ.; நடுச் சுற்றைத் தாண்டியதும் பாய்கிற டூ-ஸ்ட்ரோக். அவர் பெட்ரோல் காரைத்தான் கேட்பார், அதுவும் மேல் சுற்றில் உற்சாகப்படுகிற பெட்ரோல் எஞ்சினை. 2000-களின் தொடக்கத்தில் வந்த 106 குதிரைத்திறன் ஹோண்டா சிட்டி விடெக்கை இன்றும் தேடி அலைகிற கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

பைக்குக்கும் காருக்கும் உள்ள பெரிய வேறுபாடு வளைவில்தான் வெளிப்படுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும்: 5 மீ/வி². இது புவியீர்ப்பில் சரிபாதி. இதைச் சமாளிக்கப் பைக் உள்பக்கமாகச் சுமார் 27 டிகிரி சாய வேண்டும். அப்படிச் சாய்ந்த நிலையில் புவியீர்ப்பும் மையவிலக்கும் சேர்ந்த கூட்டு விசை, ஓட்டுபவரின் முதுகெலும்பு வழியாகவே நேராக இறங்கிச் சீட்டுக்குள் போகிறது. அவர் உடல் பக்கவாட்டில் எங்கும் தள்ளப்படுவதில்லை. 70 கிலோ ஆள் 79 கிலோ ஆனதுபோல் சீட்டில் அழுந்துகிறார், அவ்வளவுதான்.

இதை உணர்வது உள்காது. அங்கே ஒரு சவ்வின் மேல் மெல்லிய கூழ்ப்படலம் இருக்கிறது. அதன்மேல் கால்சியம் கார்பனேட் மணிகள் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தாலோ உடல் முடுக்கப்பட்டாலோ அந்த மணிகள் நகர்ந்து, அடியிலுள்ள மயிரிழைச் செல்களை வளைக்கும். புவியீர்ப்பு எது, முடுக்கம் எது என்று இந்த உறுப்பால் பிரித்தறிய முடியாது. இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் அது அறியும். ஒழுங்காகச் சாய்ந்து போகும் பைக்கில் அந்தக் கூட்டு விசை உடலின் அச்சிலேயே விழுவதால், உள்காது ‘நிமிர்ந்துதான் இருக்கிறோம்’ என்கிறது. கண்ணோ அடிவானம் சாய்ந்திருப்பதைக் காட்டுகிறது. தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவில் உடலைச் சாய்த்தாலும் தலையை அடிவானத்துக்கு இணையாக வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணையும் காதையும் சமரசப்படுத்துகிற வேலை அது. நாளடைவில் இந்தச் சமரசம் உடலில் ஊறி, சுகமாகவே ஆகிவிடுகிறது.

அதே வளைவு, அதே வேகம், இப்போது காரில். 70 கிலோ உடலை ஏறக்குறைய 36 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிப்பக்கம் தள்ளுகிறது. போதாததற்குக் காரின் உடலும் வெளிப்பக்கமே சாய்கிறது. 3 டிகிரி சாய்ந்தால்கூட, உடல் உணரும் பக்கவாட்டுத் தள்ளல் இன்னும் 10 சதவீதம் கூடிவிடும். பைக்கில் எந்தப் பக்கம் சாயப் பழகினாரோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இது. ‘பாடி ரோல் அதிகம்’ என்று பைக்காரர்கள் புலம்புவது இதைத்தான். மெர்சிடீஸ் நிறுவனம் 2014-இல் எஸ்-கிளாஸ் கூபே காரில் வளைவின் உள்பக்கமாக 2.5 டிகிரி வரை சாயும் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. நம் வால்பாறை வளைவில் அந்தச் சிறு சாய்வு பக்கவாட்டுத் தள்ளலில் 8 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும். பைக் 27 டிகிரியில் முழுதாகச் செய்வதை அத்தனை விலையுள்ள கார் இரண்டரை டிகிரியில் தொட்டுப் பார்க்கிறது.

சாய்வு அசௌகரியத்தோடு முடிந்துவிடுவதில்லை. டயரின் பிடிப்பிலும் கை வைக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பாரம் மாறும். மாறுகிற பாரம் வண்டியின் எடை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, இடது வலது சக்கரங்களின் இடைவெளியால் வகுத்தால் வருவது. 1,000 கிலோ எடை, 52 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம், ஒன்றரை மீட்டர் சக்கர இடைவெளி என்று ஒரு சின்னக் காரை எடுத்தால், நம் வளைவில் 177 கிலோ இடம் மாறும். உள்பக்க இரண்டு டயர்களில் 500 இருந்த இடத்தில் 320-ஐ ஒட்டி மிஞ்சும். 1,500 கிலோ எஸ்யூவியில் ஈர்ப்பு மையம் 68 செ.மீ., இடைவெளி 1.55 மீட்டர் என்றால் 336 கிலோ மாறி, 750-இல் 414 தான் மிஞ்சும். அதாவது சின்னக் காரில் மொத்த எடையில் 18 சதவீதம் இடம் மாறுகிறது, எஸ்யூவியில் 22 சதவீதத்துக்கு மேல். டயருக்கு ஒரு குணம் உண்டு: பாரம் இரட்டிப்பானால் பிடிப்பும் இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஆகவே பாரம் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவுக்கு மொத்தப் பிடிப்பில் நஷ்டம். இந்தியாவில் இன்று விற்கும் பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி, எம்பிவி வகையறா. இந்தக் காலத்திலும் தாழ்வான செடானையோ எடை குறைந்த ஹாட்ச்பேக்கையோ ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டால், அவர் வீட்டில் ஒரு நல்ல பைக் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாயவே சாயாத, கல் மாதிரி இறுகிய சஸ்பென்ஷன் வேண்டும் என்பதல்ல அவர்கள் கேட்பது. 1989-இல் மாஸ்டா கொண்டுவந்த எம்எக்ஸ்-5, உலகெங்கும் பைக் பிரியர்கள் கொண்டாடிய கார். இரண்டு சீட், திறந்த கூரை, ஒரு டன்னுக்குக் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின். அந்தக் கார் வளைவில் நன்றாகவே சாயும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பப் படிப்படியாகச் சாயும். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொண்டே சாயும். கியர்பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் அதில் இணைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ரப்பர் மவுண்டுகள் முறுக்கிக்கொண்டு தாமதப்படுத்தக் கூடாது என்பதற்காக. மிதித்ததற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவிலுள்ள அந்த மிகச்சிறிய நேரத்தை ஒழிக்க ஒரு கம்பெனி இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது. இந்தக் கார் இங்கே விற்பனைக்கு வரவே இல்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

அந்தச் சிறிய நேரம் பைக்காரருக்கு ஏன் உறுத்துகிறது என்று பார்ப்போம். பைக்கில் ஆக்சிலேட்டர் கையில் இருக்கிறது. மணிக்கட்டும் விரல்களும் பாதத்தைவிட நுணுக்கமானவை. மூளையில் கைக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு காலுக்கு உள்ளதைவிட மிகப் பெரியது. எஞ்சின் பக்கமும் தாமதம் குறைவு. காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே பைக்கில் குறுகிய குழாய்தான். காரில் நடுவே ஒரு பெரிய காற்றறை. டர்போ இருந்தால் இன்னும் நீண்ட சுற்று வழி. ஃப்ளைவீலும் கனம். அதனால் கார் எஞ்சின் ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். ஷோரூமில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாரே, அவர் அளந்தது இதைத்தான்.

கியரிலும் இதே கதை. பைக்கில் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுற்றும். வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உருளை காலால் ஒரு படி திரும்பினால், பக்கவாட்டுப் பற்கள் ‘டக்’கென்று கோத்துக்கொள்ளும். அந்த ‘டக்’ பாதத்துக்குத் தெரியும். காரில் பித்தளை வளையம் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தி, பிறகுதான் கியர் விழும். ஏஎம்டி வகையில் அந்தக் கிளட்சையும் கியரையும் ஒரு கருவியே இயக்குகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை அறுந்து, தலை லேசாக முன்னால் போய்த் திரும்பும். நகர நெரிசலில் ஏஎம்டி முழங்காலுக்கு எத்தனை பெரிய உதவி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பைக்கில் பழகியவர்கள் அந்தத் தலையாட்டலைக் கடைசிவரை மன்னிப்பதில்லை. தான் சொல்லாத நேரத்தில் இழுவை அறுவதை, வளைவின் நடுவில் சாய்ந்திருக்கும்போது ஆபத்து என்று அவர்கள் உடல் கற்றுவைத்திருக்கிறது.

மேல் சுற்று ஆசைக்கும் ஒரு அழகான விளக்கம் உண்டு. எஞ்சினின் வேகத்துக்கு உண்மையான வரம்பு பிஸ்டனின் வேகம். 390 டியூக்கின் பிஸ்டன் ஓட்டம் 64 மி.மீ. அது உச்சப் பவர் தருவது 8,500 சுற்றில். ஒரு சுற்றுக்கு இருமுறை அந்தத் தூரத்தைக் கடப்பதால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீட்டர். புதிய ஸ்விஃப்டின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஓட்டம் 92.8 மி.மீ., பழைய புல்லட்டைவிட நீளம்! அது 5,700 சுற்றில் உச்சப் பவர் தருகிறது. அங்கே பிஸ்டன் வேகம் 17.6 மீட்டர். இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கின்றன. ஒன்று 8,500-இலும் மற்றது 5,700-இலும் அங்கே போய்ச் சேர்கிறது. நீண்ட ஓட்டம் எரிபொருளை மிச்சப்படுத்தும், ஏனென்றால் எரியும் வாயுவைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பு குறைந்து வெப்ப இழப்பும் குறைகிறது. பழைய நான்கு சிலிண்டர் ஸ்விஃப்ட் எஞ்சினின் துள்ளலை ரசித்தவர்கள் புதியதில் எதையோ இழந்ததாகச் சொல்வது பிரமை இல்லை. மைலேஜுக்காக அந்தக் குணம் தெரிந்தே மாற்றப்பட்டிருக்கிறது.

பைக் மனம் காரை வாங்காமல் காரையே செய்தால் என்ன ஆகும்? அதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1948-இல் தொடங்கிய ஹோண்டா நிறுவனம் பைக்கில் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1963-இல்தான் நான்கு சக்கரத்துக்கு வந்தது. முதலில் வந்தது டி360 என்ற குட்டி டிரக். 354 சிசி எஞ்சின் 8,500 சுற்றில் 30 குதிரைத்திறன் தந்தது. சரக்கு வண்டிக்கு அப்படி ஓர் எஞ்சினை யாரும் கேட்கவில்லை, ஹோண்டாவுக்கு அப்படித்தான் செய்யத் தெரிந்திருந்தது. சில வாரங்களில் எஸ்500 என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 531 சிசி, நான்கு சிலிண்டர், 8,000 சுற்றில் 44 குதிரைத்திறன். அந்தக் காரின் பின் சக்கரங்களை ஓட்டியவை செயின்கள். ஆமாம், பைக்கில் இருக்கிற செயின்! டிஃபரென்ஷியல் உடலோடு பொருத்தப்பட்டிருக்க, அங்கிருந்து ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஒரு செயின் எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடியது. அந்தப் பெட்டிகளே சஸ்பென்ஷன் கைகளாகவும் வேலை செய்தன, பைக்கின் ஸ்விங்ஆர்ம் போலவே. ஆக்சிலேட்டரை அழுத்தினால் காரின் பின்பக்கம் மேலே எழும்பும்.

1964-இல் வந்த எஸ்600-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர். 606 சிசி, 8,500 சுற்றில் 57 குதிரைத்திறன். ஓட்டம் 65 மி.மீ. என்பதால் பிஸ்டன் வேகம் 18.4 மீட்டர், 60 ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய டியூக்கின் கணக்கு. 1966-இல் வந்த எஸ்800 கொஞ்ச காலத்தில் செயினைக் கைவிட்டு வழக்கமான பின் அச்சுக்கு மாறியது. ஆனால் அந்த எஞ்சின் குணம் ஹோண்டாவை விட்டுப் போகவில்லை. 1999-இன் எஸ்2000 காரில் 2 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமலே, ஜப்பானிய வடிவத்தில் 250 குதிரைத்திறன் தந்தது. 9,000 சுற்றுவரை ஓடியது. அங்கே பிஸ்டன் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. பைக் பிரியர்கள் ஹோண்டா கார் என்றால் ஏன் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இரண்டிலும் உச்சம் தொட்ட ஒரே மனிதர் ஜான் சர்டீஸ். 500 சிசி பைக் உலகப் பட்டத்தை 1956, 1958, 1959, 1960 ஆண்டுகளில் வென்றார். கார் பந்தயத்துக்கு வந்த 1960-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் கிராண்ட்பிரீயில் இரண்டாம் இடம். 1964-இல் ஃபெராரி காரில் ஃபார்முலா 1 உலக சாம்பியன். இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் வென்றவர் வேறு யாரும் இன்றுவரை இல்லை. 1967-இல் மோன்சாவில் அவர் வென்றது ஹோண்டாவின் காரில். பைக் சாம்பியனும் பைக் கம்பெனியும் நான்கு சக்கரத்தில் சேர்ந்து பெற்ற வெற்றி அது. நம் ஊரிலும் எடையைக் குறைத்தால் சின்ன எஞ்சினே போதும் என்று காட்டிய ஒருவர் இருந்தார். கோவையின் எஸ். கரிவர்தன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார்களில்தான் ஒரு தலைமுறை இந்திய ஓட்டுநர்கள் பந்தயம் பழகினார்கள்.

ஸ்டீயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைவில் டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, சக்கரத்தை நேராக்க முயலும் விசை குறையத் தொடங்கும். கையில் ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். வழுக்கப்போகிறது என்ற முன்னறிவிப்பு அது. பைக்கின் ஹேண்டில்பாருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே எந்த மோட்டாரும் இல்லை. காரில் இன்று மின்மோட்டார் உதவியுள்ள ஸ்டீயரிங். பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் அந்த முன்னறிவிப்பில் பாதியை மோட்டார் விழுங்கிவிடும். எந்தக் கம்பெனி எவ்வளவு விழுங்கவிடுகிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. அதைத் தாளில் உள்ள எந்த எண்ணும் சொல்லாது, ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் பேசிவிட்டு, இதற்கு நேர்மாறாக நடப்பவர்களைச் சொல்லாமல் விட முடியாது. எனக்குத் தெரிந்த தீவிரமான பைக்காரர்கள் சிலர் காரில் எந்த உணர்வையும் தேடுவதில்லை. பெரிய டிக்கி, நல்ல ஏசி, அம்மா அப்பா சுலபமாக ஏறி இறங்குகிற உயரம், மழையில் நனையாமல் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வசதி, இவை போதும். காரில் அரைகுறையாகக் கிடைக்கும் சுகத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை பைக் இருக்கிறதே என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. டன்னுக்கு 193 குதிரைத்திறன் என்ற கணக்கும் அவர்கள் பக்கம்தான். ஆனால் இவர்கள்கூட டயரிலும் பிரேக்கிலும் கஞ்சத்தனம் செய்ய மாட்டார்கள். டயரின் தயாரிப்பு வாரத்தைப் பக்கச்சுவரில் குனிந்து படித்துவிட்டுத்தான் வண்டியை டெலிவரி எடுப்பார்கள். 240 கிலோ எடையை இரண்டு உள்ளங்கைப் பரப்பில் நம்பி ஓட்டியவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

மின்சாரக் கார் இந்தக் கணக்குகளைக் கொஞ்சம் கலைத்துப் போடுகிறது. மோட்டாரின் முறுக்குவிசை மிதித்த உடனே வருகிறது. காற்றறையும் இல்லை, ஃப்ளைவீலும் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைக்கிறது. கீழ் கியரில் எஞ்சின் பிரேக்கிங்கை நம்பி மலை இறங்கிய பைக்காரருக்கு அது முதல் நாளே கைவந்துவிடும். பேட்டரி தரையில் இருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்வு. குறை எடையில். பேட்டரி மட்டுமே ஒரு பைக்கையும் ஆளையும் விஞ்சும் கனம். அந்தக் கனத்தைப் பிரேக்கிலும் மேடுபள்ளத்திலும் உடல் உணராமல் இருக்காது.

பைக் பழக்கம் கார்த் தேர்வில் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாக வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. அதைத்தான் மற்ற கார் வாங்குவோரும் கடன் வாங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அது பார்வை. ஐரோப்பாவின் 5 நாடுகளில் திரட்டிய பைக் விபத்து விவரங்களை இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் அலசினார்கள். பைக் உரிமமும் வைத்திருக்கும் கார் ஓட்டுநர்கள், கார்-பைக் மோதல்களுக்குக் காரணமாவது மற்றவர்களைவிடக் குறைவு என்று கண்டார்கள். பிரிட்டனில் உளவியலாளர் டேவிட் கிரண்டலும் குழுவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சந்திப்பில் எதிர்வரும் பைக்கை ஓட்டுநர்களின் கண் எப்படிப் பார்க்கிறது என்று அளந்தார்கள். கார், பைக் இரண்டும் ஓட்டுபவர்களே மற்றவர்களைவிடப் பாதுகாப்பாக நடந்துகொண்டார்கள். பைக்கைத் தேடத் தெரிந்த கண் அது.

தேடத் தெரிந்தாலும் கார் மறைத்தால் என்ன செய்வது? முன் கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் தூண்களைப் பாருங்கள். கார் உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாது, உள்ளே காற்றுப்பைகள் வேண்டும் என்பதால் அவை ஆண்டுக்காண்டு தடித்துவிட்டன. கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. அகலத் தூண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி அது ஒரு கண்ணுக்கு 2.86 மீட்டர் அகலத்தை மறைக்கும். இரண்டு கண்களுக்கும் இடையே 6.5 செ.மீ. தூரம் இருப்பதால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். இரண்டுக்குமே தெரியாத பகுதி 1.07 மீட்டர். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பைக்கின் அகலம் இதற்குள் அடக்கம், ஓட்டுபவரோடு. தூண் 8 செ.மீ. ஆக இருந்தால் அந்தப் பகுதி அரை மீட்டராகச் சுருங்கிவிடும். தூண் கண்களின் இடைவெளியைவிட ஒல்லியாக இருந்தால் எந்தப் பைக்கும் முழுதாக மறையாது. வால்வோ 2001-இல் காட்டிய பாதுகாப்பு மாதிரிக் காரில் இந்தத் தூணையே ஊடுருவிப் பார்க்கும்படி செய்திருந்தார்கள். சாதாரணக் கார்களுக்கு அது வரவில்லை.

இதில் இன்னொரு அபாயம் உண்டு. காரும் பைக்கும் ஒரே சந்திப்பை நோக்கி, ஒரே நேரத்தில் அடையும் வேகத்தில் வந்தால், ஓட்டுநரின் கண்ணிலிருந்து பைக் தெரியும் கோணம் மாறவே மாறாது. தூணுக்குப் பின்னால் மறைந்த பைக் கடைசி நொடிவரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். ‘எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டான்’ என்று கார்காரர்கள் சொல்வதில் பல நேரம் பொய் இல்லை. அவன் அங்கேதான் வந்துகொண்டிருந்தான்.

ஆகவே ஷோரூமுக்கு ஓர் இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து உட்கார்ந்து, வலப்பக்கத் தூணின் அகலத்தை உங்கள் கண் பார்க்கும் கோணத்திலிருந்து அளந்து பாருங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி தூணோடு ஒட்டி நிற்கிறதா, நடுவே இடைவெளி விட்டுக் கதவில் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். ஒட்டி நின்றால் மறைவு இன்னும் பெரிது. வாங்கிய பிறகு தூணை மாற்ற முடியாது, தலையை நகர்த்தலாம். மேலே சொன்ன அளவுகளில் தலையை 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் மறைவிடம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் இடம் பெயர்ந்துவிடும். ஒளிந்திருந்த பைக் முழுதாகத் தெரிய அது போதும்.